டாக்டர் நெகுலிச்சை வரவேற்றவன்

புக்கரெஸ்ட் விமான நிலையத்தில் வழி தெரியாமல் முழிப்பவர்களுக்கு டோருவைப் போல உதவ ஆள் கிடையாது. ஊருக்குள் போகும் பஸ் எங்கே நிற்கும், டாக்சி வேண்டுமென்றால் எந்த இயந்திரத்தைத் தட்ட வேண்டும், எந்தக் கவுன்டரில் பணம் மாற்றினால் மொட்டையடித்துவிடுவார்கள் என்றெல்லாம் சிரித்த முகத்தோடு சொல்லுவான். காசு கேட்க மாட்டான். காவலுக்கு நிற்பவர்கள்கூட அவனைப் பார்த்தால் தலையசைப்பார்கள்.

ஆனால் டோருவின் பிழைப்பு வேறு.

பயணிகள் வெளியே வரும் வாசலில் ஹோட்டல் டிரைவர்கள் பெயர் எழுதிய அட்டையோடு நிற்பார்கள். அவற்றில் பெரிய ஹோட்டலின் அட்டையாகப் பார்த்து, அதே பெயரைத் தானும் ஓர் அட்டையில் எழுதிக்கொண்டு, அந்த டிரைவருக்கு நாலடி முன்னால் போய் நிற்பான். நம்பி வருகிறவரைக் காரில் ஏற்றிக்கொண்டு பனியாசா காட்டுச் சாலைக்குள் திரும்புவான். டயரில் காற்று இறங்கிவிட்ட மாதிரி இருக்கிறது, கொஞ்சம் இறங்கிப் பாருங்கள் என்பான். அவர் இறங்கிக் குனிவதற்குள் கார் பெட்டியோடு பறந்துவிடும். இதுவரை ஒருவர் மேலும் கை வைத்ததில்லை என்பதில் அவனுக்குப் பெருமைகூட உண்டு.

அன்று காலை அவன் பிடித்திருந்த அட்டையில் ‘டாக்டர் நெகுலிச்’ என்று இருந்தது.

கூட்டத்தில் முதலில் வெளியே வந்த பெரியவர் ஒருவர் அட்டையைப் பார்த்ததும் நின்றார். நரைத்த தாடி, நல்ல கம்பளிக் கோட்டு, கையில் விலை உயர்ந்த தோல் பெட்டி. டோரு பணிவாகக் குனிந்து, டாக்டர் ஐயாதானே என்று கேட்டான்.

“நான்தான்ப்பா,” என்றார் பெரியவர். “என்னைக் கூட்டிட்டுப் போகவும் ஒரு ஆள் வந்து நிப்பான்னு நான் நினைக்கவே இல்ல.”

காரில் ஏறியதும் ஹோட்டலுக்கு இப்போது வேண்டாம், வடக்கு ரயில் நிலையத்தில் விட்டுவிடு என்றார். ப்ளோயெஷ்தியில் தங்கை படுத்த படுக்கையாக இருக்கிறாளாம். அவர் இத்தாலிக்குப் போய்ப் பல வருடம் ஆகிறது. கடைசியாகப் போனில் பேசியபோது, வரும்போது எதுவும் வாங்கி வராதே, நீ வந்தால் போதும் என்றாளாம். சொல்லிவிட்டுக் கோட்டுப் பையிலிருந்து எள் தூவிய கொவ்ரிக் ரொட்டி வளையம் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை டோருவிடம் நீட்டினார்.

டோரு அதைத் தின்றுகொண்டே காட்டுச் சாலைக்குள் திரும்பினான். அவனுடைய அக்காவும் இப்படித்தான் ஸ்பெயினில் இருந்தாள். அம்மா சாவுக்குக்கூட அவளால் வர முடியவில்லை.

வழக்கமான இடத்தில் காரை நிறுத்தி, டயர் விஷயத்தைச் சொன்னான். பெரியவர் இறங்கினார். பின்சக்கரத்தைச் சுற்றி ஒரே சேறு. தன் கோட்டைக் கழற்றிச் சேற்றின் மேல் விரித்தார்.

“இதுல முட்டி போட்டுப் பாரு தம்பி. இல்லேன்னா உன் பேன்ட் வீணாயிடும்.”

டோருவின் கால் ஆக்சிலரேட்டர் மேல்தான் இருந்தது. அழுத்த முடியவில்லை. எரிச்சலாக வந்தது.

“காத்தெல்லாம் சரியாத்தான் இருக்கு. ஏறுங்க ஐயா,” என்றான் கடைசியில்.

ரயில் நிலையத்தில் அவனே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான். அவர் நீட்டிய பணத்தை வாங்கவில்லை. ரயில் கிளம்பியபோது கையைக்கூட ஆட்டினான். வீட்டுக்கு வந்து, நாளையிலிருந்து வேறு வேலை தேடப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னான். நீ வேலை பார்க்கிறாயா என்ன என்று கேட்டாள் அவள்.

மறுநாள் மதியம் போலீஸ் வந்து அவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனது. விமான நிலைய வாசல் கேமராவில் அவன் கார் நம்பர் தெளிவாக விழுந்திருந்தது.

டாக்டர் நெகுலிச்சின் பெட்டி எங்கே என்று கேட்டார் இன்ஸ்பெக்டர். பெரியவர் பெட்டியை ரயிலில் தொலைத்துவிட்டார் போலிருக்கிறது என்று டோரு நினைத்துக்கொண்டான். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாகப் போலீஸிடம் உண்மையைச் சொன்னான். அட்டை எழுதியதை, காட்டில் நிறுத்தியதை, மனசு வராததை, பெட்டியைத் தானே தூக்கி ரயிலில் வைத்ததை, ஒன்று விடாமல் சொன்னான்.

“திருடணும்னுதான் சார் கூட்டிட்டுப் போனேன். ஆனா திருடல. சந்தேகம்னா டாக்டரையே கேளுங்க, அவர் பொய் சொல்ல மாட்டார்.”

“டாக்டர் பக்கத்து ரூம்லதான் இருக்காங்க. நீயே கேட்டுக்கோ,” என்று இன்ஸ்பெக்டர் மணியை அழுத்தினார்.

டோருவுக்கு உயிர் வந்தது. எழுந்து நின்று சட்டையைச் சரிசெய்துகொண்டான்.

கதவைத் திறந்துகொண்டு வந்த இளம்பெண் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நான்தான் டாக்டர் நெகுலிச். என் பெட்டியைத் திருடினவனுக்கு நீதான் கார் ஓட்டினியா?” என்று கேட்டாள்.