நான்கு மாடியும் படி வழியே

கடும் மின்வெட்டு வரப்போகிறது, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் போதாது, எதை நிறுத்தலாம் என்று மருந்துக் கம்பெனியில் யோசனைப் பெட்டி வைத்தார்கள். பெயர் எழுதாத ஒரு சீட்டு ஜெயித்தது: "லிஃப்ட்டை நிறுத்துங்க. அந்த கரண்ட் நாலாவது மாடி மருந்து ஃபிரிட்ஜுக்கு ஆகட்டும்."

லிஃப்ட் நின்ற முதல் நாள், நான்காம் மாடி ஏறுவதற்குள் மேனேஜருக்கு நாக்குத் தள்ளியது. "இதை எவன்யா எழுதினான்?"

"கீழ் மாடியில சொகுசா உட்கார்ந்திருக்கிற எவனாவதுதான் சார்," என்று மூச்சு வாங்கினார் கிளார்க்.

"நான்தான் சார்," என்றது பின்னால் ஒரு குரல்.

மேனேஜர் திரும்பினார். தோளில் ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியோடு லிஃப்ட் ஆபரேட்டர்.

"யோவ், லிஃப்ட் நின்னா உன் வேலையே போயிடுமேய்யா!"

ஆபரேட்டர் நிமிர்ந்தார். "மேல கொண்டு சேர்க்கிறதுதான் சார் என் வேலை. அது எங்க போகும்? வழி விடுங்க, ஐஸ் கரையுது."