பாயின் இந்தப் பக்கம்

ஏழு வருடம் கழித்து மஸ்கட்டிலிருந்து பொங்கல் விடுமுறைக்கு வந்திறங்கிய வனஜாவின் முன்னால், கொழுந்தனின் ஆறு வயது மகன் பரிதி ஒரு குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"பெரியம்மா, இது எங்க அண்ணன்."

அவள் கடைசியாகப் பார்த்தபோது அண்ணனுக்கு இரண்டு வயது. இப்போதும் அதே பால்பற்கள், அதே மழலை. வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்று நாளும் கரும்பு கடித்தார்கள், சீட்டாடினார்கள், பிள்ளைகளின் சண்டையை விலக்கிவிட்டார்கள். நான்காம் நாள் மதியம் வனஜா பெட்டியைக் கட்டி முடித்ததும், கொழுந்தனின் மனைவி தமயந்தி கூடத்தில் பாயை விரித்து அந்தக் குழந்தையைப் படுக்க வைத்தாள்.

"அன்னைக்கு ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சுன்னு, படுத்திருந்தவனைத் தாண்டிப் போனீங்கக்கா. திரும்பத் தாண்டிடுங்க, இல்லாட்டி வளர மாட்டான்னேன். சிரிச்சீங்க."

"நீ விளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சேன்."

"நானும் விளையாட்டுக்குத்தான் சொன்னேன்."

வனஜா புடவையைக் கணுக்காலுக்கு மேலே பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கிக் குழந்தைக்கு அந்தப் பக்கம் வைத்தாள். மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தினார். பரிதி ஓடிவந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான். குழந்தை வனஜாவை நிமிர்ந்து பார்த்தது. மழலை துளியும் இல்லாமல் சொன்னது:

"மெதுவா, பெரியம்மா. ஏழு வருஷமும் ஒண்ணா வரும். வலிக்கும்."

வனஜா தமயந்தியைப் பார்த்தாள். தமயந்தி எதுவும் கேட்காதவள்போல், "அந்தக் காலையும் எடுங்கக்கா" என்றாள்.