வீட்டு ஆள்

"வீட்டு ஆளுங்களைத் தவிர யாரையும் உள்ளே விடக் கூடாதுன்னு முடிவு பண்ணியிருக்கோம். அதுவும் கொரோனா வார்டு நர்ஸா? வேண்டவே வேண்டாம்!"

குடியிருப்புச் சங்கத்தின் புதுச் செயலாளர் வாசல் கதவை மறித்து நின்றார். வெளியே ஒரு பெட்டியோடு நர்ஸ். கன்னத்தில் முகக்கவசம் அழுத்திய தடம். வேலை முடிந்து வந்தவளை, வாடகை வீட்டுக்காரர் அன்று காலைதான் காலி செய்யச் சொல்லியிருந்தார்.

இங்கேயும் விரட்டினால் அவள் எங்கே போவாள்? சத்தம் கேட்டு முதல் மாடியில் குடியிருக்கும் அம்மா படியிறங்கி வந்தாள்.

"வீட்டு ஆள்தான் சார். என் மருமக."

"நான் பார்த்ததே இல்லையே?"

"நீங்க பார்க்கிறதுக்கா நான் மருமக எடுத்தேன்? வழி விடுங்க."

"உங்களுக்கு சர்க்கரை வேற இருக்கு. ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"ஆச்சுன்னா உங்களையா கூப்பிடப் போறேன்? வீட்டுலேயே நர்ஸ் இருக்கா."

அம்மா பெட்டியைத் தூக்கினாள். அது கிட்டே வந்ததும் செயலாளர் தானாகவே சுவரோரம் ஒதுங்கிக்கொண்டார்.

வீட்டுக்குள் நர்ஸ் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"எதுக்கு அத்தை அப்படிச் சொன்னீங்க? உங்க பையனுக்குத் தெரிஞ்சா?"

"தெரியட்டும். அவன் ரூம் காலியாத்தான் கிடக்கு, அதுதான் உனக்கு. குளிச்சிடு, சாப்பாட்டைக் கதவுகிட்ட வைக்கிறேன்."

"எங்களுக்கு விவாகரத்து ஆகி ரெண்டு வருஷமாச்சு, அத்தை."

அம்மா அலமாரியைத் திறந்து துண்டை எடுத்து நீட்டினாள்.

"அது உனக்கும் அவனுக்கும் ஆனது. என்னை எந்தக் கோர்ட்டும் கேட்கலையே!"