சியாமளா கேட்ட கேள்வி

மனைவியைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லிவிட்டுத்தான் நகைச்சுவை நடிகர் சாரங்கன் நேரலைக்கு உட்கார்ந்திருந்தார். முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பாதியில் எழுந்தால், பேட்டி எடுக்கும் வினோதாவின் சேனலைப் பார்த்து ஊரே சிரிக்கும். நேயர்கள் அனுப்பும் கேள்விகளைப் பெயரோடு வாசிப்பது அவள் வழக்கம்.

"அண்ணே, திருச்சியிலேர்ந்து பாபு கேக்குறாரு. சமைக்கத் தெரியுமா?"

"சுடுதண்ணி பிரமாதமா வைப்பேம்மா. உப்புதான் கொஞ்சம் தூக்கலாயிடும்."

சிரித்துக்கொண்டே அடுத்த கேள்வியைப் பார்த்தவள், பெயரை இன்னொரு முறை படித்தாள். கேட்டிருந்தது அவர் மனைவி, சியாமளா சாரங்கன். பிரிந்து மூன்று வருடமாகியும் அவர் பெயரை அவள் விடவில்லை. வினோதாவுக்கு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. பெயரை மட்டும் விழுங்கிவிட்டு வாசித்தாள்.

"பிரஷர் மாத்திரை நேரத்துக்குப் போடுறீங்களா?"

சாரங்கனின் சிரிப்பு நின்றது. "யாரு கேட்டது?"

"ஒரு நேயர்ண்ணே."

"பேரச் சொல்லும்மா."

சொன்னாள். அவர் சட்டென்று எழுந்தார். எல்லாம் போயிற்று என்று அவள் கண்ணை மூடித் திறப்பதற்குள், மேசையைச் சுற்றிவந்து அவள் தோளருகே குனிந்து நின்றார்.

"எங்க, காட்டு."

புதுக் கேள்விகள் வந்து குவிந்தபடி இருந்தன. அந்தப் பெயரைத் தேடி வினோதா திரையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள்.