கண்ணாடியில் வெள்ளித் தடம்

கல்லூரிக் கணினி அறையின் மேசைகள் மேல் மத்தியான வெயில் கம்பி கம்பியாக விழுந்து கிடக்கிறது. வேல்விழி எழுதிய கட்டளைகள் ஒவ்வொன்றாக ஓட, திரையில் ஒரு புரதம் ரிப்பன் சுருளாகச் சுழல்கிறது. மூன்று விநாடி நிற்கிறது, சிவக்கிறது, மறுபடி சுழல்கிறது. நாளை எல்லோர் முன்னாலும் அவள் காட்டப்போகும் புராஜெக்ட். அதை இன்றே பார்க்கவென்று பட்டாசு ஆலையில் அரை நாள் லீவு போட்டு வந்திருக்கும் அம்மா சோலையம்மாள், செருப்பை வாசலில் விட்டுவிட்டு, முதலில் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை அழுத்துகிறாள். ஆலையில் வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் மின்சாரத்தை இறக்கிவிட்டுப் போகிற பழக்கம். "பொறி கிறி பறந்துச்சுன்னா ஒம் மிசினு என்னாகுறது?" என்கிறாள். வேல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. சுழற்சி முடிந்து நன்றிப் பக்கம் வருகிறது: பேராசிரியர், துறைத்தலைவர், இரண்டு தோழிகள். எல்லாம் ஆங்கிலத்தில்.

"கடைசில எம் பேரப் போடுவேன்னியே தாயி, எங்கன இருக்கு?"

மறந்துபோனதல்ல. எழுதி, வாசித்துப் பார்த்து, யாரென்று தோழிகள் கேட்பார்களே என்று நேற்று அவளே அழித்தது. விரல் தானாகத் துறைத்தலைவர் பெயரில் போய் நிற்கிறது.

"இந்தா, இங்கனம்மா."

எத்தனை கழுவினாலும் அலுமினியப் பொடி போகாத விரலால் சோலையம்மாள் அந்த எழுத்துகளை மெல்லத் தடவுகிறாள். "எம்புட்டு நீளமா இருக்கு!" வேல்விழி அவசரமாக விசையைத் தட்டுகிறாள். பெயர்கள் மறைகின்றன. புரதம் முதலிலிருந்து சுழலத் தொடங்குகிறது. திரைக் கண்ணாடியில் ஒட்டிய வெள்ளித் தடம் மட்டும் அசையாமல் அங்கேயே நிற்கிறது.