சுப்பாராவுக்கு ஒரு ஏரி

நெல்லூரிலிருந்து ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலைக்கு மாற்றலாகி வந்த சுப்பாராவ், தூண்டில் போட நல்ல ஏரி கேட்டார். கூட வேலை பார்க்கும் அழகேசன் வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினான்.

முதல் ஏரியில் கால் மணி நேரத்தில் கெண்டை சிக்கியது.

"இது சரிப்படாதுப்பா" என்றார்.

அடுத்த ஞாயிறு கரைவெட்டி ஏரியில் முழ நீள விரால். சுப்பாராவின் முகம் தொங்கிப்போனது. அழகேசனுக்கு ஊர் மானமே போனது போலிருந்தது.

மூன்றாம் ஞாயிறு செந்துறைப் பக்கத்து ஏரி. பொழுது சாயும்வரை தக்கை அசையவேயில்லை.

"மன்னிச்சுக்குங்க சார். இதுல தவளைதான் கெடக்கு போல."

"இதைத்தான்யா தேடினேன்" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் சுப்பாராவ். "மீன் கிடைச்சதும் வீட்டுக்கு வந்துடணும்னு சம்சாரம் உத்தரவு. அங்க என் மச்சினன் ஆர்மோனியம் பழகுறான்."