மூன்று விநாடிச் சம்மதம்

தணிகாசலம் ஒற்றைப் புருவத்தோடு வீட்டுக்கு வந்தான். மற்றது, எரிந்த தோல் குடோனின் இரண்டாவது மாடியில் பொசுங்கிப்போயிருந்தது. அது அவனுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

"மூணே செகண்ட்," என்றான் மனைவி வேதவல்லியிடம்.

தீயணைப்பு வீரர் நெருப்புக்குள் நுழைய, வீட்டிலிருப்பவர் செல்போனில் 'சம்மதம்' என்று அழுத்த வேண்டும். அதுவரை அவருடைய முகமூடிக்குள் காற்று வராது. பாதுகாப்பில் குடும்பத்துக்கும் பங்கு வேண்டும் என்று இலாகா செய்த ஏற்பாடு. புது ஏணி வாங்குவதைவிட மலிவு.

"லூர்துசாமி வீட்டுல அம்பத்தாறு செகண்ட் யோசிச்சிருக்காங்க. நீ மூணு செகண்ட்ல தள்ளி விட்டுட்ட. வண்டியில ஒரே சிரிப்பு. 'வீட்டுல எப்படா தொலைவான்னு இருக்காங்களா'ன்னு கேக்குறானுங்க."

"லூர்துசாமி அண்ணன் இப்ப எங்க?"

"ஆஸ்பத்திரியில. ஏறும்போது படிக்கட்டு சரிஞ்சு கால் முறிஞ்சிடுச்சு."

"நீங்க ஏறும்போது?"

தணிகாசலம் இல்லாத புருவத்தைத் தடவிக்கொண்டான். "அப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

வேதவல்லி சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள்.

"யோசிக்கறதெல்லாம் காலையில நீங்க ஷூ மாட்டும்போதே யோசிச்சு முடிச்சிடுவேன்."

"அப்ப அந்த மூணு செகண்டு?"

"கையெல்லாம் மாவு. தொடைக்க வேணாமா?"